ரீஹேபில் ஜிஜி ஸ்கோர் போடுபவர்களிடம் ஒரு கேள்வி

வணக்கம் நண்பர்களே. அமெரிக்காவில் உள்நோயாளி ரீஹேப் (மறுவாழ்வு சிகிச்சை) மருத்துவமனைகளில் பிசியோ, ஓ.டி. (அன்றாட வேலைகளைத் தானே செய்யப் பயிற்சி தருபவர்), நர்ஸ் வேலை பார்ப்பவர்கள் கொஞ்சம் உதவுங்கள்.

மற்றவர்களுக்காக: மெடிகேர் (முக்கியமாக முதியோருக்கான அரசு மருத்துவக் காப்பீடு) இங்கே நாள் கணக்கில் பணம் தருவதில்லை. 2002 முதல் ஒரு நோயாளிக்கு இவ்வளவு என்று ஒரே தொகை. என்ன பாதிப்பு, வயது, கூடவே வேறு என்ன நோய்கள், சேரும்போது தானாக எவ்வளவு செய்ய முடிந்தது என்பதையெல்லாம் பார்த்துத்தான் அதை முடிவு செய்வார்கள். இயலாமை அதிகமென்றால் பொதுவாகத் தொகையும் அதிகம். நியாயம்தான், அவருக்குத்தானே ஆள் பலம் அதிகம் தேவை.

தானாக எவ்வளவு செய்ய முடிகிறது என்பதை அளக்க முன்பு ஃபிம் என்ற 7 புள்ளி அளவுகோல் இருந்தது. 2019 அக்டோபரிலிருந்து அதற்குப் பதில் ஜிஜி, 1 (முழுக்கப் பிறர் உதவி) முதல் 6 (தானாகவே) வரை. முதல் 3 நாளுக்குள், சிகிச்சையின் பலன் சேரும் முன் நோயாளி வழக்கமாக எப்படிச் செய்தார் என்று எழுத வேண்டும்.

அந்த 'வழக்கமாக'தான் இடிக்கிறது. பக்கவாதம் வந்த ஒருவர் காலையில் நான் லேசாகத் தொட்டுப் பிடித்தாலே கட்டிலிலிருந்து சக்கர நாற்காலிக்கு மாறிவிடுகிறார்: 4. ராத்திரி களைத்துப்போய் இரண்டு பேர் தூக்க வேண்டியிருக்கிறது: 1. எதை எழுதுவது? பில்லிங் பக்கம் எதை விரும்புவார்கள் என்று சொல்லத் தேவையில்லை. அதற்காக எண்ணைக் குறைக்க எனக்கு மனமில்லை, ஆடிட் வந்தால் கையெழுத்து என்னுடையது.

உங்கள் இடத்தில் நர்ஸும் தெரபிஸ்டும் உட்கார்ந்து பேசி ஒரே எண்ணுக்கு வருகிறீர்களா? கடைசி முடிவு யாருடையது? எழுத்தில் விதிமுறை ஏதாவது இருந்தால், நோயாளி விவரம் இல்லாமல் பகிர முடியுமா?