தியானம் செய்தும் கோபம் குறையவில்லை, எங்கே தவறுகிறேன்?

கேள்வி:
8 மாதமாகத் தினமும் காலையில் 20 நிமிடம் மூச்சைக் கவனித்து உட்காருகிறேன். அப்போது மனம் அடங்கித்தான் இருக்கிறது. ஆனால் நேற்று இரவு என் மகள் கணக்கில் அதே தவறை மூன்றாவது முறை செய்ததும் நோட்டைப் பிடுங்கி மேஜையில் அடித்துவிட்டேன். அவள் அழவில்லை, என் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அதன்பிறகு எனக்குத் தூக்கமே இல்லை. பிறர் நலமாக இருக்க வேண்டும் என்று நினைக்கும் மைத்ரி தியானமும் பயன்படவில்லை. என்னை அவமானப்படுத்திய ஒருவரை நினைத்து 'நலமாக இருக்கட்டும்' என்றால் தாடைதான் இறுகுகிறது.

பதில் 1:
மைத்ரியைக் கடைசிப் படியிலிருந்து தொடங்கியிருக்கிறீர்கள். விசுத்திமக்கம் என்ற பழைய பௌத்த நூலில் அதன் ஆசிரியர் புத்தகோசர் சொல்லும் வரிசையில் முதலில் நாம், அப்புறம் மதிப்புக்குரியவர், பிரியமானவர், விருப்பு வெறுப்பு இல்லாதவர். பகையானவர் அதற்கும் பிறகுதான். அவரை முதலிலேயே நினைத்தால் கோபம்தான் எழும் என்று புத்தகோசரே எச்சரிக்கிறார்.

பதில் 2:
சகோதரி, புத்தரின் உரைகளைத் தொகுத்த மஜ்ஜிம நிகாயத்தில், ககசூபம சுத்தம் என்ற உரையில் வேதேஹிகா என்றொரு வீட்டுத் தலைவி வருகிறாள். சாந்தமானவள் என்று ஊரெல்லாம் பெயர். அந்தச் சாந்தம் உண்மைதானா என்று பார்க்க, பணிப்பெண் காளி வேண்டுமென்றே தாமதமாக எழுகிறாள். கடைசியில் வேதேஹிகா கதவுத் தாழ்ப்பாளால் அடித்துக் காளியின் மண்டையை உடைத்துவிடுகிறாள். காலை 20 நிமிட அமைதியில் உங்களைச் சீண்ட யாரும் இல்லை.

என் அப்பாவுக்கு மறதி நோய். ஒரே கேள்வியை ஒரு மணி நேரத்தில் பத்து முறை கேட்பார். ஒரு நாள் கத்திவிட்டேன். அவர் பயந்து சுவரோரம் ஒதுங்கினார். அதற்குப் பிறகுதான் சதிபட்டான சுத்தம் என்ற புத்தரின் இன்னொரு உரையை ஒழுங்காகப் படித்தேன். வெறுப்புள்ள மனத்தை வெறுப்புள்ள மனம் என்று அறியச் சொல்கிறது அது. 'பொறுத்துக்கொள்' என்று மட்டும் சொல்பவர்கள் இந்த அறிதலை விட்டுவிடுகிறார்கள்.

எனக்கு முதலில் காது சுடும். அடுத்து மூச்சு மேல் நெஞ்சிலேயே நின்றுவிடும். வார்த்தை அதற்குப் பிறகுதான் வருகிறது. இதை நான் பழகியது முழங்கால் வலியில். உட்கார்ந்திருக்கும்போது வலி வந்தால் உடனே மூச்சுக்கு ஓடாமல், 'இது வேண்டாம்' என்று மனம் முறுக்கிக்கொள்வதைப் பார்ப்பேன். அது குட்டிக் கோபம்தான். குட்டியைப் பார்த்துப் பழகினால் பெரியது வரும்போது முகம் தெரிகிறது. இன்னும் எனக்குக் காது சுடுகிறது. ஆனால் அப்பாவின் பதினோராவது கேள்விக்கும் பெரும்பாலும் பதில் சொல்லிவிடுகிறேன்.

கேட்டவர்:
நன்றி அண்ணா. இன்று மாலையும் கணக்குதான். எனக்குக் காது சுடவில்லை, நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்கிறது. அது தெரிந்ததும் எழுந்துபோய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தேன். "நேத்து அம்மா நோட்டைப் பிடுங்கி அடிச்சது தப்பு" என்றேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தாள். அப்புறம் நோட்டை என் பக்கம் நகர்த்தினாள்.