எழுதிய பிறகு வந்த இலக்கணம்: மும்பைத் தமிழ் வகுப்பு அனுபவங்கள்

தாராவி, வார இறுதித் தமிழ் வகுப்பு ஆசிரியை:

என்னிடம் வருகிறவர்கள் எட்டாவது முதல் பத்தாவது வரை படிக்கும் பிள்ளைகள். வீட்டில் நெல்லைத் தமிழ், தெருவில் இந்தி, பள்ளியில் ஆங்கிலமும் மராத்தியும். வேற்றுமை எத்தனை என்று கேட்டால் எட்டு என்று சட்டெனச் சொல்வார்கள். நான்கு வரி எழுதச் சொன்னால் பேனா நகராது. அதனால் வரிசையை மாற்றிவிட்டேன். முதலில் எழுத்து, அதில் தட்டுப்படும் இலக்கணம் பிறகு.

2005 ஜூலை 26 வெள்ளத்தைப் பற்றி வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டு எழுதி வரச் சொன்னேன். சாந்தாகுரூஸில் ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் மழை கொட்டிய நாள் அது. மித்தி ஆற்றை ஒட்டிய எங்கள் பகுதியில் அதைப் பற்றிப் பேச ஆளுக்குப் பஞ்சமில்லை. ஒரு பையன் தன் ஆச்சி சொன்னதை இப்படி எழுதி வந்தான்: "இடுப்பளவு தண்ணீர் வந்தது. நான் அரிசி மூட்டையைப் பரணில் ஏற்றினேன்." அவன் வாசித்து முடிக்கும் முன்பே பக்கத்தில் இருந்த பெண் கேட்டாள்: "நீ அப்போது பிறக்கவே இல்லையே, எந்த மூட்டையை ஏற்றினாய்?"

அன்றைய பாடத்தை அவளே தொடங்கி வைத்துவிட்டாள். ஆச்சியின் பேச்சை அப்படியே மேற்கோள் குறிக்குள் வைக்கலாம். 'தண்ணீர் வந்ததாம், ஆச்சி மூட்டையை ஏற்றினாராம்' என்று எழுதலாம். 'தான் மூட்டையை ஏற்றியதாக ஆச்சி சொன்னார்' என்றும் எழுதலாம். எல்லாரும் மூன்று விதமாகவும் எழுதி உரக்க வாசித்தார்கள். 'ஆம்' சேர்த்தால் கதை கேட்பதுபோல் இருக்கிறது, கொஞ்சம் நம்பாததுபோலவும் இருக்கிறது என்றாள் ஒருத்தி. எவ்வளவு கூர்மையான காது! ஆச்சி கண்ணால் கண்டதை நான் ஏன் வதந்திபோல எழுத வேண்டும் என்று அந்தப் பையன் மல்லுக்கு நின்று, மேற்கோள் குறியையே வைத்துக்கொண்டான். அது அவனுடைய தேர்வு, காரணத்தோடு எடுத்த தேர்வு.

அயற்கூற்றில் 'நான்' என்பது 'தான்' ஆவதையும், 'இங்கே' 'அங்கே' ஆவதையும், 'நாளை' 'மறுநாள்' ஆவதையும் பாடநூல் அட்டவணை போட்டுக் கொடுக்கும். இவர்கள் தங்கள் கட்டுரைகளிலிருந்தே அந்த அட்டவணையைத் தயாரித்தார்கள். நேர்கூற்று, அயற்கூற்று என்ற பெயர்களை அதன் பிறகுதான் பலகையில் எழுதினேன்.

அடுத்த வாரம் ஆளுக்கொரு செய்தித்தாள் பக்கம் கொடுத்து, நிருபர் தாமே கண்டது எது, பிறர் சொல்லக் கேட்டது எது என்று அடிக்கோடிடச் சொன்னேன். 'எனக் கூறப்படுகிறது' என்ற இடத்தில் வகுப்பே நின்றுவிட்டது. கூறியது யார்? செயப்பாட்டு வினை செய்தவரை மறைத்துவிடும் என்பதை இதைவிட நன்றாக என்னால் விளக்கியிருக்க முடியாது.

செம்பூர், பள்ளி ஆசிரியர்:

என் ஒன்பதாம் வகுப்பு மாணவர்கள், மாலையில் கட்டட வளாகத்தில் கிரிக்கெட் விளையாட அனுமதி கேட்டு சொசைட்டி செயலாளருக்குக் கடிதம் எழுதினார்கள். பாதிப் பேர் 'நாம் விளையாட அனுமதி வேண்டும்' என்று எழுதியிருந்தார்கள். அப்படியென்றால் செயலாளரும் மட்டை பிடிக்க வருகிறாரா என்றேன். ஒரே சிரிப்பு.

இந்தியில் 'ஹம்' என்ற ஒன்றே நாம், நாங்கள் இரண்டுக்கும் போதும். குழப்பம் அங்கிருந்து வருகிறது. ஆனால் மராத்தியில் கேட்பவரைச் சேர்த்தால் 'ஆபண்', சேர்க்காவிட்டால் 'ஆம்ஹி'. அதைச் சொன்னதும், நாம் என்றால் ஆபண், நாங்கள் என்றால் ஆம்ஹி என்று அவர்களே பொருத்திவிட்டார்கள். 'எனக்குப் பசிக்கிறது' என்பதற்கும் மராத்தியில் 'மலா (எனக்கு) பூக் லாக்லீ' என்பதற்கும் உள்ள ஒற்றுமையையும் அன்றே கண்டுபிடித்தார்கள். மும்பைப் பிள்ளைகளுக்குப் பல மொழி தெரிவதைக் குறையாகவே பேசுகிறோம். தமிழ் இலக்கணம் சொல்லித்தர அதைவிட நல்ல துணை எனக்குக் கிடைத்ததில்லை.

மாட்டுங்கா, ஓய்வுபெற்ற தமிழாசிரியை:

இருவர் சொன்னதும் எனக்குச் சம்மதமே. அமெரிக்காவில் ஸ்டீவ் கிரஹாம், டொலோரஸ் பெரின் ஆகியோர் 4 முதல் 12ஆம் வகுப்பு வரையிலான மாணவர்கள் பற்றிய ஆய்வுகளைத் தொகுத்து 2007இல் வெளியிட்ட அறிக்கையும் இதையொட்டியே பேசுகிறது: இலக்கணத்தைத் தனியாக நடத்துவதால் எழுத்து மேம்படவில்லை, சிறு வாக்கியங்களை இணைத்து எழுதும் பயிற்சியால் மேம்பட்டது. ஆங்கிலத்தில் எழுதும் பிள்ளைகளைப் பற்றியது என்றாலும், நம் எச்சங்கள், அதாவது 'பெய்து', 'நின்று' போன்ற முற்றுப்பெறாத வினைகள், இந்தப் பயிற்சிக்கென்றே அமைந்தவை. 'மழை பெய்தது. ரயில் நின்றது. அப்பா நடந்தார்.' இதை ஒரே வாக்கியமாக்கச் சொன்னேன். 'ரயில் நின்று அப்பா நடந்தார்' என்று ஒருவன் எழுதினான். வாசிக்கும்போதே அவனுக்கு உறுத்தியது. நின்றது ரயில், நடந்தது அப்பா. 'செய்து' என்னும் எச்சம் பெரும்பாலும் இரண்டு வினைக்கும் ஒரே எழுவாயைத்தான் ஏற்கும். 'மழையில் ரயில் நின்றதால் அப்பா நடந்தே வந்தார்' என்று தானாகத் திருத்திக்கொண்டான்.

ஆனால் இரு சொற்களுக்கிடையே மிகும் க், ச், த், ப் என்ற ஒற்று விஷயத்தில் நான் மாறுபடுகிறேன். வாசித்தாலே வந்துவிடும் என்று விட்டால் வராது. இக்காலத்தில் அச்சில் வருவதிலேயே பாதி இடங்களில் ஒற்று இல்லை, பிள்ளைகள் எதைப் பார்த்துக் கற்பார்கள்? விதியைச் சொல்லித்தான் ஆகவேண்டும். முழுப் பட்டியலையும் கொட்ட வேண்டியதில்லை. 'ஐ' உருபுக்குப் பின்னும் 'கு' உருபுக்குப் பின்னும் வல்லினம் மிகும் என்ற இரண்டை மட்டும் முதல் பருவத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள். 'வேலை கொடு', 'வேலைக் கொடு' இரண்டையும் எழுதிப் போடுங்கள். முதலில் கேட்பது பிழைப்பு, அடுத்ததில் கேட்பது முருகன் கையில் இருப்பது. அதன் பிறகு அவரவர் பழைய கட்டுரையை எடுத்து, இந்த இரண்டு இடங்களை மட்டும் பென்சிலால் வட்டமிடச் சொல்லுங்கள்.

தாராவி ஆசிரியை:

அம்மா, மறுக்கவில்லை. வெள்ளக் கட்டுரைகள் என்னிடமே இருக்கின்றன. இந்தச் சனிக்கிழமை அவற்றைத் திருப்பிக் கொடுத்து வட்டமிடச் சொல்கிறேன். ஆச்சியின் பேச்சு மேற்கோள் குறிக்குள் நெல்லை வழக்கிலேயே இருக்கும் இடங்களில் மட்டும் ஒற்றைத் தேட வேண்டாம் என்று சொல்லிவிடலாமா?

மாட்டுங்கா ஆசிரியை:

சொல்லுங்கள். அங்கே ஆச்சி சொன்னபடியே இருக்கட்டும்.