புதுப்பிப்பு: குளச்சல் வீட்டில் சமையலறை நடுமேடை போட்டாச்சு

சமையலறை நடுவில் மேடை போட இடம் போதுமா என்று கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லாருக்கும் நன்றி.

கைகொடுத்தது, தரையில் சாக்பீஸால் கோடு போட்டு அட்டைப்பெட்டி அடுக்கிப் பார்க்கச் சொன்ன அண்ணனின் யோசனைதான். மேடை 4 அடி அகலம் என்றால், ஃப்ரிட்ஜைத் திறந்து நிற்பவரைத் தாண்ட முடியவில்லை. 2½ அடியாகக் குறைத்ததும் சுற்றிலும் 3½ அடி நடக்க இடம் கிடைத்தது. உயரம் 34 அங்குலம், அம்மாவுக்கு ஏற்றபடி. மேடையில் மிக்சி போடத் தேவையான வயரை, டைல்ஸ் ஒட்டும் முன்பே தரைக்கடியில் பைப் விட்டு இழுத்தோம். குளச்சல் கடலோர ஊர் என்பதால், உப்புக்காற்றில் எளிதில் துருப்பிடிக்காத ஸ்டீல் கைப்பிடி, ஒரு அக்கா சொன்னது.

எதிர்பாராத ஒன்று: கிரானைட் விளிம்பை உருட்டிவிட்டதால் திருகி மாட்டும் தேங்காய் துருவி வழுக்குகிறது. தினமும் தேங்காய் அரைக்கிற வீட்டில் இது சின்ன விஷயமா? அடியில் ரப்பர் ஒட்டுப்பிடி உள்ள துருவியாக வாங்கினோம், அசையவே இல்லை.