மாலகைட் அறை: கையால் வரைந்த பிரதியா, பிரிண்ட்டா?

தேன்மொழி
புது வீட்டு ஹால்ல மாட்ட ஒரு பெரிய படம் தேடிட்டிருக்கேன். ரஷ்யாவின் பீட்டர்ஸ்பர்க் குளிர்கால அரண்மனையில, மாலகைட்ங்கிற பச்சைக் கல்லால அலங்கரிச்ச மாலகைட் அறையை 1865-ல் கான்ஸ்தாந்தின் உக்தோம்ஸ்கி வரைஞ்ச படம் ரொம்பப் பிடிச்சுப்போச்சு. பச்சைத் தூண்களும் தங்க வேலைப்பாடும் கண்ணைப் பறிக்குது. மூலம் நீர்வண்ணம். பிரதி வரைஞ்சு விக்கிற ஒரு ஆன்லைன் கடையில, கேன்வாஸ்ல எண்ணெய் வண்ணமா 5 அடி அகலத்துக்கு வரைஞ்சு தர்றோம்னாங்க. வாங்கலாமா, பிரிண்ட் போட்டு ஃப்ரேம் பண்ணிடலாமா?

கரிக்கோல்
பிரிண்ட்தான். இதுல யோசிக்க ஒண்ணுமில்ல.

1837 டிசம்பர் தீ விபத்துல அந்த அரண்மனை எரிஞ்சு, மறுபடி கட்டினாங்க. அப்புறம் ரஷ்யப் பேரரசர் ஜாரோட குடும்பம் உக்தோம்ஸ்கி, எட்வர்ட் ஹாவ், லூயிஜி பிரெமாட்சி மாதிரி ஆட்களை வெச்சு அறை அறையா வரைய வெச்சது. எந்த நாற்காலி எந்த ஜன்னலோரம் கிடந்ததுன்னுகூட அதுல தெரியும். 1944-ல் பீட்டர்ஸ்பர்க் பக்கத்துல இருக்கிற காட்சினா அரண்மனை எரிஞ்சது. பின்னால அதைச் சீரமைச்சப்போ ஹாவ் வரைஞ்ச படங்கள் கைகொடுத்தன. அப்பேர்ப்பட்ட ஆவணத்தை எவரோ கண்மதிப்புல இழுத்துத் தந்தா எதுக்கு ஆகும்?

தூரிகைக்காரன்
கரிக்கோல் சார், மேடம் கேட்டது ஹால்ல மாட்டுற படம். அரண்மனையைச் சீரமைக்கவா போறாங்க? எனக்குப் பிரதி வரையுறதுதான் பிழைப்பு, அதனால நான் ஒருபக்கமாத்தான் பேசுவேன். பிரிண்ட்டுல பச்சை ஒரே தட்டையா நிக்கும். எண்ணெய்ல அடியில வெளிர்பச்சை பூசி, காயவிட்டு, மேல மெல்லிசா கரும்பச்சை ஓட்டினா கல்லுக்குள்ள வெளிச்சம் போய்த் திரும்புற மாதிரி இருக்கும். ராத்திரி விளக்கைப் போட்டுப் பாருங்க, வித்தியாசம் தெரியும்.

கரிக்கோல்
அது உக்தோம்ஸ்கியோட வெளிச்சம் இல்லையே! நீர்வண்ணத்துல வெளிச்சம்னா பூசாம விட்ட காகிதம். வெளிர்ல ஆரம்பிச்சு இருட்டுக்குப் போவாங்க. எண்ணெய்ல நேர் எதிர், வெள்ளையைக் கடைசியில மேல வைப்பீங்க. சரவிளக்குல ஒவ்வொரு பளபளப்பும் துருத்திக்கிட்டு நிக்கும்.

அதைவிடப் பெரிய சிக்கல் அளவு. மூலம் கையில எடுத்துப் பார்க்கிற அளவுக் காகிதம். அதை 5 அடிக்கு இழுத்தா, அங்கே அரிசி அளவு புள்ளியா இருந்த தங்கப்பூ இங்கே கட்டைவிரல் அளவு ஆகும். அதுக்கு இதழ் எத்தனைன்னு யார் சொல்வாங்க? வரையுறவர் கற்பனைதான்.

தூரிகைக்காரன்
அளவை மாத்தினதே தப்புன்னா, பாரிஸ் லூவ்ர் அருங்காட்சியகத்துல பிரதி எடுக்கிறவங்க அத்தனை பேரும் தப்புதான். மூலத்தோட அளவுலேயே வரையக் கூடாதுங்கிறதே அங்க விதி. ஒண்ணு பெரிசா, இல்ல சின்னதா.

இன்னொண்ணு. 1871 ஜனவரி 18, பிரான்ஸ்ல வெர்சாய் அரண்மனைக் கண்ணாடி மண்டபத்துல ஜெர்மன் பேரரசை அறிவிச்ச காட்சியை ஆன்டன் ஃபான் வெர்னர்ங்கிற ஓவியர் திரும்பத் திரும்ப வரைஞ்சார். முதல் ரெண்டும் இரண்டாம் உலகப் போர்ல போச்சு. இன்னைக்கு எல்லாரும் பார்க்கிறது 1885-ல் ஜெர்மன் சான்சலர் பிஸ்மார்க்கோட 70-வது பிறந்தநாளுக்கு வரைஞ்சது. அதுல பிஸ்மார்க் வெள்ளைச் சீருடையில நடுநாயகமா நிக்கிறார். அன்னைக்கு அவர் போட்டிருந்தது நீலம்! மண்டபத்துக்கே வராத போர் அமைச்சர் ரூனையும் படத்துல சேர்த்துட்டாங்க. உங்க துல்லியம் இவ்வளவுதான் சார்.

கரிக்கோல்
வெர்னர் தன் படத்தைத் தானே மாத்தினார், அவருக்கு அந்த உரிமை உண்டு. சீனாவில ஷென்சென் நகரத்துல, பிரதி வரையுறதையே தொழிலா வெச்சிருக்கிற தாஃபென்ல உட்கார்ந்து ஃபோன்ல ஜேபெக் (படக் கோப்பு) பார்த்து வரையுறவருக்கும் அதே உரிமையா? அவங்க உழைப்பைக் குறை சொல்லல. பிரதிக்கு ஆதாரம் அந்த ஜேபெக்தான்கிறதைத்தான் சொல்றேன். அதுல பச்சை தப்பா இருந்தா கேன்வாஸ்லயும் தப்புதான்.

வடக்குவாசல்
குறுக்கே ஒரு சங்கதி. அந்தத் தூண்களே முழுக் கல்லு இல்ல. உரால் மலை மாலகைட்டைச் சில மில்லிமீட்டர் தகடா அறுத்து, வரி வரியோட சேர்ற மாதிரி ஒட்டி, இடுக்கை மாலகைட் பொடி கலந்த பசையால அடைச்சுத் தேய்ச்சது. மூலத்திலேயே மேல்பூச்சு வேலை, இதுல ரெண்டு பேரும் அசல் போலின்னு அடிச்சுக்கிறீங்க 😄

தேன்மொழி
சிரிச்சுட்டேன். சரி, வாங்குறதா இருந்தா கடைக்காரர்கிட்ட எதைக் காட்டச் சொல்லிக் கேட்கணும்?

தூரிகைக்காரன்
தூணைக் காட்டுவாங்க, மயங்காதீங்க. தரையைக் கேளுங்க. உக்தோம்ஸ்கி கட்டடக்கலை படிச்சவர், மரத்தரைக் கோடெல்லாம் பிசகாம ஒரு புள்ளிக்குப் போகும். மட்டமான பிரதியில பாதி தூரத்துல கோடு வளைஞ்சு, தரை சரிவா ஆயிடும். வேலை நடக்கும்போதே அந்த இடத்தை மட்டும் கிட்டத்துல ஃபோட்டோ எடுத்து அனுப்பச் சொல்லுங்க. 5 அடி வேண்டாம், 3 போதும். அதுல சார் சொல்றது சரிதான்.

கரிக்கோல்
3 அடின்னா எண்ணெய் எதுக்கு? காகிதத்துல நீர்வண்ணமாவே வரையச் சொல்லுங்க.

தூரிகைக்காரன்
3 அடிக்கு நீர்வண்ணமா? ஒரு சொட்டு தப்பா விழுந்தா முழுத்தாளும் போச்சு. நான் எடுக்க மாட்டேன். எடுக்கிறவர் சொல்ற விலையைக் கேட்டுட்டு வாங்க, அப்புறம் பேசுவோம்.

தேன்மொழி
கடையில கேட்டுட்டேன். நீர்வண்ணம் செய்யறதே இல்லையாம். தரை ஃபோட்டோ அனுப்புறோம்னாங்க, ஆனா முன்பணம் கட்டின பிறகுதானாம்.

கரிக்கோல்
அப்ப பிரிண்ட்.