காலத்தைக் காக்குற மர்ம ஆசாமிங்க: செப்டம்பரும் டாக்டரும் ஒரே டைப்பா?

ராத்திரி_ஆந்தை:
ஃப்ரிஞ்ச்னு அமெரிக்க சயின்ஸ் ஃபிக்ஷன் சீரிஸ் இப்பதான் முடிச்சேன், காலம் விட்டுக் காலம் வந்து வேடிக்கை பாக்குற, தொப்பி போட்ட மொட்டைத்தலை அப்சர்வர்ஸ் இருக்காங்கல்ல, அதுல செப்டம்பர்ங்கிற ஆளப் பாக்கப் பாக்க, பிரிட்டிஷ் சீரிஸ் டாக்டர் ஹூல காலப்பயணம் பண்ற டாக்டர் ஞாபகமாவே இருந்துச்சு. எங்கிருந்தோ வர்றான், யாருன்னு சொல்றதில்ல, காப்பாத்திட்டுப் போயிடுறான். ரெண்டு பேரும் ஒரே டைப்புதானா? இதே மாதிரி வேற சீரிஸ் இருக்கா? ஸ்பாய்லர் பத்திக் கவலையில்ல.

நீலப்பெட்டி:
ஒரே டைப்னு சொல்ல முடியாது ப்ரோ. செப்டம்பரோட வேலையே வேடிக்கை பாக்குறதுதான், 1985ல பனி உடைஞ்சு ஏரிக்குள்ள போன விஞ்ஞானி வால்டரையும் சின்னப் பையன் பீட்டரையும் இழுத்துப் போட்டது கூட அவனே முன்னாடி பண்ணி வச்ச குளறுபடிய சரிகட்டத்தான். டாக்டர் அப்டியே தலைகீழ், சும்மா பாத்துட்டிருக்க முடியாதுன்னுதான் சொந்த கிரகத்த விட்டே கிளம்புனாரு. ஆனா தண்டனையில ரெண்டு பேரும் ஒண்ணு. 1969ல வந்த ‘தி வார் கேம்ஸ்’ங்கிற டாக்டர் ஹூ கதையில அவரோட சொந்த இனமான டைம் லார்ட்ஸ் அவரப் புடிச்சு, ஏன் தலையிட்டேன்னு விசாரணை வச்சு, மூஞ்சிய மாத்தி பூமிக்கு நாடு கடத்துறாங்க. செப்டம்பரையும் கடைசில சாதா மனுசனாக்கி விட்டுடுறாங்க.

பழைய_டிவி:
சஃபயர் அண்ட் ஸ்டீல் பாருங்க. 1979-82, பிரிட்டன்ல ஐடிவி சேனல்ல வந்தது, ஸ்டீலா டேவிட் மெக்கல்லம், சஃபயரா ஜொவானா லம்லி. சஃபயரும் ஸ்டீலும் காக்குறது காலத்த, மனுசங்கள இல்ல. ரெண்டாவது கதையில பாழடைஞ்ச ரயில்வே ஸ்டேஷன், ஆவி தேடி வந்த டல்லின்னு ஒரு அப்பாவிப் பெரியவர், ஸ்டீல் அவரையே பேரம் பேசி, அங்க இருக்குற ‘இருட்டு’ங்கிற கெட்ட சக்திக்குக் குடுத்துடுறான்! டாக்டர் செய்வாரா இத? ஸ்பெஷல் எஃபெக்ட்னு பெருசா ஒண்ணும் கெடையாது, ஆனா எனக்கு அதுதான் நிஜமாவே பயமா இருந்துச்சு.

கிளிங்கான்_மாமா:
ஸ்டார் ட்ரெக் கேரி செவன விட்டுட்டீங்களே. 1968 எபிசோட், கையில கறுப்புப் பூனையோட வருவாரு. அவர வச்சுத் தனி சீரிஸ் எடுக்கத்தான் அந்த எபிசோடே, அது நடக்கல.

நீலப்பெட்டி:
@கிளிங்கான்_மாமா அண்ணே, அதுல டைம் டிராவல் பண்ணி வந்தது ஹீரோ கேப்டன் கிர்க் குரூப்புல்ல? கேரி செவன் அந்தக் காலத்து ஆளுதான், வேற கிரகத்துல ட்ரெய்னிங் எடுத்தவரு.

கிளிங்கான்_மாமா:
சரிதான், ஆனா அதனாலதான் எனக்குப் புடிக்கும். வருங்காலத்துலேருந்து வந்த கிர்க்குக்கே இவன் நல்லவனா கெட்டவனான்னு தெரியாம முழிக்கிறாரு பாருங்க.

ராத்திரி_ஆந்தை:
டல்லி மேட்டர் கேட்டதுமே முடிவு பண்ணிட்டேன், சஃபயர் அண்ட் ஸ்டீல்தான் அடுத்தது. நேரா ரெண்டாவது கதைக்குப் போலாமா, மொத கதை பாத்தே ஆகணுமா?

பழைய_டிவி:
தாராளமா போங்க, ஆறும் தனித்தனிக் கதைதான். ஆறாவத மட்டும் கடைசியா வச்சுக்கங்க.