ஆடி அமாவாசைக்குத் தொண்டிப் பக்கமிருந்து தேவிபட்டினம்: பாய்வல்லத்தில் ரெண்டே பேர், போகலாமா?

நம்புதாளை வல்லம்:
18 அடி பைபர் வல்லம், ஒத்தைப் பாய், எஞ்சின் கிடையாது. ஆள் நானும் வீட்டுக்காரரும் மட்டும்தான். சுக்கான் என் கையில், பாய் அவர் கையில். 2026 ஆகஸ்ட் 12 புதன்கிழமை ஆடி அமாவாசை. தேவிபட்டினம் நவபாஷாணத்தில் (கடலுக்குள் இருக்கும் ஒன்பது கல்) முழுகி, தர்ப்பணம் கொடுத்துவிட்டு அன்றைக்கே திரும்ப நினைக்கிறோம். எத்தனை மணிக்குக் கிளம்பினால் சரியாக இருக்கும்? ரெண்டு பேர் எடை போதுமா, மணல் மூட்டை ஏற்றணுமா? அங்கே வல்லத்தை எங்கே விடுவது? பாய் ஓட்டத் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

கச்சான்காத்து:
அன்றைக்கே போய் அன்றைக்கே திரும்பும் கணக்கை முதலில் விடுங்கள் அக்கா. நேர்கோட்டில் பார்த்தாலே ஏறக்குறைய 30 கிலோமீட்டர். போகும் திசை தெற்கும் கொஞ்சம் தென்மேற்கும். ஆடியில் கச்சானும், அதாவது தென்மேற்குக் காற்றும், அந்த மூலையிலிருந்துதான் வரும். அதாவது போகும்போது காற்று மூஞ்சிக்கு நேரே, வரும்போது முதுகில்.

உங்களுக்குச் சாதகமான நேரம் ஒன்றுதான்: பின்னிரவு 2 மணியிலிருந்து காலை 8, 9 வரை. கரை குளிர்ந்து கிடக்கும்போது காற்று மேற்கே ஒதுங்கிக் கரையிலிருந்து மெதுவாக வரும். அப்போது காற்றை வலது கைப் பக்கம் வைத்துக்கொண்டு ஒரே ஓட்டமாகத் தெற்கே இறங்கலாம். மணிக்கு 3 கடல் மைல் பிடித்தாலும் அந்த ஆறேழு மணி நேரத்தில் பெரும்பகுதி தூரம் தீர்ந்துவிடும். வெயில் ஏறினதும் காற்று தென்மேற்குக்குத் திரும்பி வலுக்கும். பிறகு காற்றுக்குக் குறுக்கே அங்கேயும் இங்கேயும் திரும்பி வெட்டி வெட்டித்தான் ஏறணும், மிச்சத் தூரம் ரெண்டு மடங்காகும். அதனால் 11ஆம் தேதி விடியும் முன்னே, பின்னிரவு 2 மணிக்கே கிளம்பி மோர்ப்பண்ணையிலோ திருப்பாலைக்குடியிலோ கரை பிடித்துவிடுங்கள். 12ஆம் தேதி விடியலில் கொஞ்சத் தூரம்தான் பாக்கி.

இன்னொன்று. கச்சான் காலத்தில் வடகடல் (நம்ம பாக் விரிகுடா) கரையோரம் தண்ணீர் குளம் மாதிரி கிடக்கும். அதை நம்பாதீர்கள். காற்று கரையிலிருந்து வருவதால்தான் அங்கே அலை இல்லை. ரெண்டு மைல் வெளியே போனால் அதே காற்று அலை கட்டிவிடும். ஆஞ்சான் (பாய் ஏற்றும் கயிறு) அறுந்தாலோ பருமல் (பாய் கட்டும் குறுக்குக்கழி) ஒடிந்தாலோ காற்று உங்களைக் கிழக்கே இலங்கை எல்லைக்கோட்டுப் பக்கம் தள்ளிக்கொண்டு போகும். ஒன்றரை, ரெண்டு பாகம் (ஒரு பாகம் ஆறடி) ஆழத்தை விட்டு வெளியே போகாதீர்கள். பாய் விழுந்தால் முதல் வேலை நங்கூரம், பிறகுதான் ரிப்பேர். கயிறு 30 பாகமாவது இருக்கட்டும். ஆழத்துக்கு அஞ்சு மடங்கு கயிறு விட்டால்தான் நங்கூரம் சாய்ந்து சேற்றைக் கவ்வும். ரெண்டு மடங்கு விட்டால் தாழை (கடல்புல்) மேல் வழுக்கிக்கொண்டே போகும்.

பருமல்:
மேலே சொன்னது சரி. ரெண்டு பேர் ஓட்டும் வல்லத்தில் மாட்டிக்கொள்வது காற்றில் இல்லை, பாய் மாற்றும் இடத்தில். வெட்டித் திருப்பும்போது பருமலை இறக்கி, பாய்மரத்துக்கு அந்தப் பக்கம் கொண்டுபோய், மறுபடி ஏற்றணும். அதற்கு ரெண்டு பேரும் வேணும். அந்த ஒரு நிமிஷம் சுக்கானில் ஆள் இல்லை. வல்லம் குறுக்கே விழுந்து பின்னாலேயே தள்ளப்படும், ஏறின தூரம் போச்சு.

ரெண்டு வழி இருக்கிறது. ஒன்று, ஓட்டத்தை நீளமாக வைத்து வெட்டுகளைக் குறைப்பது. அரை மணிக்கு ஒரு வெட்டுக்கு மேல் வேண்டாம். ரெண்டு, கரைப் பக்கம் வெட்டும்போது கம்பு எட்டும் ஆழத்தில் வெட்டுவது. அக்கா பின்னால் நின்று கம்பை ஊன்றி வல்லத்தின் மூஞ்சியைத் திருப்பிப் பிடித்துக்கொண்டால், அண்ணன் ஒற்றையாகவே பருமலை மாற்றிவிடலாம். 14 அடிக் கம்பு போதும். சேற்றில் புதையாமல் இருக்க அடியில் ஒரு சாண் குறுக்குக்கட்டை கட்டுங்கள். ஆளைவிடக் கம்பு நல்ல துணை, எதிர்த்துப் பேசாது.

எடை விஷயம்: பெரிய பாய் போட்டால் ரெண்டு பேர் போதாது. 25 கிலோ மணல் மூட்டை நாலு, நடுவில் அடியோடு சேர்த்து வையுங்கள். சின்னப் பாய் இருந்தால் அதையே எடுங்கள், மூட்டை ரெண்டு போதும். தாமான் கயிற்றை (பாயின் கீழ் மூலையை இழுத்துப் பிடிக்கும் கயிறு) முடிச்சுப் போட்டு வைக்காதீர்கள். ஒரே சுற்று, நுனி கையில். திடீரென்று காற்று அடித்தால் உடனே விடணும். பாய்மரப் போட்டியில் ஆள் பலகையில் வெளியே உட்கார்ந்து சாய்வதைப் பார்த்துவிட்டு அதைச் செய்ய வேண்டாம். அது ஆறு ஆள் வேலை.

நவபாஷாணக்கரை:
மணல் மூட்டை வேண்டாம், 20 லிட்டர் தண்ணீர் கேன் அஞ்சு எடுத்துக்கொள்ளுங்கள். எடை அதே 100 கிலோ. வல்லம் கவிழ்ந்தால் மணல் மூட்டை அதையும் சேர்த்து இழுக்கும், தண்ணீர் கேன் இழுக்காது. முக்கியமாக, தேவிபட்டினத்தில் வல்லம் தட்டி நின்றால் தண்ணீரைக் கொட்டி எடையைக் குறைத்துத் தள்ளிவிடலாம். கண்டிப்பாகத் தட்டும். அடி முழுக்கச் சேறு, தாழை. ரொம்பத் தூரத்துக்கு இடுப்பளவுதான்.

அமாவாசையை ஒட்டி ஏற்றமும் அதிகம், வற்றமும் அதிகம். ஏற்றத்தில் கரை வரைக்கும் கொண்டுபோய் விட்டீர்களானால், முழுகிவிட்டு வரும்போது வல்லம் சேற்றில் உட்கார்ந்திருக்கும். அடுத்த ஏற்றம் வரைக்கும் காவல் இருக்கணும். அதனால் மார்பளவுத் தண்ணீரில் நங்கூரம் போட்டு நடந்து போங்கள். எத்தனை மணிக்கு வற்றும் என்று முந்தின நாள் தங்கும் ஊரிலேயே ஒரு குச்சி நட்டுப் பார்த்துக்கொள்ளுங்கள். மறுநாள் அதிலிருந்து ஏறக்குறைய 50 நிமிஷம் தள்ளி வரும்.

ஒன்பது கல்லையும் சுற்றி அன்றைக்கு விடியலிலிருந்தே ஜனம் முழுகும். அந்தப் பக்கம் பாயோடு போகவே கூடாது. வடக்கே தள்ளிப் பாயை இறக்கிவிட்டுக் கம்பு போட்டு வாருங்கள். முழுகுகிறவர்கள் விட்டுப்போகும் துணி தண்ணீருக்கடியில் மிதந்து சுக்கானில் சுற்றும். கிளம்பும் முன் சுக்கானைக் கழற்றிப் பார்த்துவிட்டு மாட்டுங்கள். சேற்றில் செருப்போடு நடக்காதீர்கள், உருவிக்கொள்ளும். திருக்கை கிடக்கும், காலைத் தூக்கி வைக்காமல் தேய்த்துத் தேய்த்து நடந்தால் அது விலகிப் போகும். மாற்றுத்துணி, எள், தர்ப்பை எல்லாவற்றையும் மூடி போட்ட டிரம்மில் வைத்து டிரம்மை மரத்தோடு கட்டிவிடுங்கள்.

கச்சான்காத்து:
தண்ணீர் கேன் நல்ல யோசனை, முழுசாக நிரப்பணும். பாதி கேன் சாயும் பக்கமே தண்ணீரையும் சாய்க்கும்.

திரும்பும்போது காற்று இடது பக்கம் பின்னாலிருந்து வரும், பாய் கடல் பக்கம் நிற்கும். சுக வண்டி மாதிரி தெரியும், அங்கேதான் பாய் புரளும். மூஞ்சியைக் கொஞ்சம் கரைப் பக்கமாகவே வைத்தால் காற்று பாயின் பின்னால் போகாது. கடல் பக்கம் திருப்பினால் பருமல் ஒரே வீச்சில் இந்தப் பக்கம் வரும், தலை இருந்தால் தலை. மத்தியானக் காற்றில் சின்னப் பாய்தான். அமாவாசை என்பதால் நிலா கிடையாது, நண்டு வலை மிதப்பு கண்ணுக்குத் தெரியாது. 5 மணிக்குள் கரை ஏற முடியாதென்றால் வழியில் தங்கிவிடுங்கள்.

பாம்பனில் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றியிருந்தால் பேச்சே இல்லை. லைப் ஜாக்கெட் போட்டே இருங்கள், அடியில் வைத்துக்கொண்டு பிரயோஜனமில்லை. தமிழ்நாடு போலீஸின் கடலோரக் காவல் 1093, மத்திய அரசின் கடலோரக் காவல்படை 1554, ரெண்டையும் போனில் பதிந்து வையுங்கள். படகுப் பதிவு, மீனவர் அட்டை நகலும் டிரம்மில் இருக்கட்டும்.

நம்புதாளை வல்லம்:
எல்லாருக்கும் நன்றி. சின்னப் பாய், தண்ணீர் கேன், திருப்பாலைக்குடியில் ஒரு ராத்திரி என்று முடிவு பண்ணிவிட்டோம். ஆடியில் முடியாமல் போனால் தை அமாவாசைக்கு இதே மாதிரி போகலாமா?

பருமல்:
இதே மாதிரி இல்லை, அப்படியே தலைகீழ். தையில் வாடை, அதாவது வடகிழக்குக் காற்று. போகும்போது பின்காற்று, சுகமாகப் போவீர்கள். ஆனால் காற்று கடலிலிருந்து கரைக்கு அடிப்பதால் தேவிபட்டினம் ஓரம் அலை கலங்கிக் கிடக்கும். நங்கூரம் நழுவினால் வல்லம் நேரே முழுகுகிற ஜனத்து மேல் போகும். திரும்பி வருவது முழுக்க வெட்டு, அலையும் எதிரே. ரெண்டு ஆளுக்கு அது ஆகாது. தைக்கு ஈசிஆர் பஸ்ஸே போதும்.