கணபதி பட்டறையிலேயே பேசிப் பார்ப்பதா, மலுமிச்சம்பட்டிக்கு மாறுவதா?

கோவில்பாளையத்துக்காரன்:
வணக்கமுங்க. கோயம்புத்தூர் கணபதியில் ஒரு பட்டறையில் வி.எம்.சி. (கம்ப்யூட்டர் வைத்து உலோகம் வெட்டுகிற மெஷின்) செட்டராக இருக்கிறேன், சேர்ந்து 4 வருடம் 7 மாதம் ஆகிறது. மொத்தம் 22 பேர். சம்பளம் 20,000, அதில் பேசிக்கும் (அடிப்படைச் சம்பளம்) டி.ஏ.வும் (பஞ்சப்படி) சேர்த்து 13,000. பி.எஃப். (வருங்கால வைப்பு நிதி), இ.எஸ்.ஐ. (தொழிலாளர் மருத்துவக் காப்பீடு) இரண்டும் உண்டு. மாதம் ஐம்பது மணி நேரம் ஓ.டி. (கூடுதல் நேர வேலை) விழும், அதற்கு சிங்கிள் ரேட்தான் கையில் கொடுக்கிறார்கள். காசு ஒரு பக்கம் இருக்கட்டும், என்னைப் போட்டு வாட்டுவது ராத்திரி ஷிப்ட். ஹெல்பர் கூட இல்லாமல் தனியாக இரண்டு மெஷின் பார்க்க வேண்டியிருக்கிறது, ஞாயிற்றுக்கிழமை விடிந்தால் போன் வந்துவிடுகிறது, பிள்ளை என்னைப் பார்த்துப் பேசியே பத்து நாள் ஆகிறது.

இப்போது மலுமிச்சம்பட்டியில் ஒரு கம்பெனியில் 27,000 தருகிறேன் என்கிறார்கள். பி.எஃப். பிடிக்க மாட்டார்களாம், முழுசாகக் கையில் வந்துவிடும் என்கிறார்கள். பதினைந்து நாளில் வரச் சொல்கிறார்கள். ஆனால் தங்கச்சி கல்யாணத்துக்கு எங்கள் ஓனர் கேட்டவுடனே 40,000 அட்வான்ஸ் கொடுத்தார், அதில் 15,000 இன்னும் பாக்கி. அவர் முகத்தைப் பார்த்து எப்படிச் சொல்வது என்றே தெரியவில்லை. என்ன செய்யலாமுங்க?

சூலூர் அண்ணன்:
தம்பி, முதலில் ஒன்றைக் கேட்டுக்கொண்டு வாங்க. அந்த 27,000 எட்டு மணி நேரத்துக்கா, பன்னிரண்டு மணி நேரத்துக்கா? நம்ம ஊர்ப் பக்கம் ஆள் எடுக்கும்போது இதை வாய் திறந்து சொல்லவே மாட்டார்கள். பன்னிரண்டு மணி நேரம் என்றால் 26 நாளுக்குக் கணக்குப் போட்டால் மணிக்கு 86 ரூபாய்தான் வரும். இப்போது எட்டு மணி நேரக் கணக்கில் நீங்கள் வாங்குவது மணிக்கு 96. சம்பளம் கூடிய மாதிரி தெரியும், உண்மையில் குறைந்திருக்கும்.

அப்புறம் தூரம். கோவில்பாளையத்திலிருந்து சத்தி ரோட்டில் சரவணம்பட்டி நெரிசலைத் தாண்டி, காந்திபுரத்தில் இறங்கி, உக்கடம் போய் பொள்ளாச்சி பஸ் பிடிக்க வேண்டும். பைக்கில் போனாலும் ஊரைக் குறுக்கே கடந்துதான் ஆக வேண்டும். ராத்திரி ஷிப்ட் முடிந்த கண்ணோடு அந்த ரோட்டில் வண்டி ஓட்டுவதை நினைத்தால் எனக்குப் பயமாக இருக்கிறது, நானும் அப்படி இரண்டு வருடம் ஓட்டினவன்.

தறிக்காரர் மகள், சோமனூர்:
நான் ஒரு மில் ஆபீஸில் சம்பளக் கணக்குப் பார்க்கிறேன், அதனால் இதைச் சொல்கிறேன். இன்னும் ஐந்து மாதம் பொறுத்தால் உங்களுக்கு ஐந்து வருடம் முடிகிறது. பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்கிற இடம் என்பதால் கிராஜுட்டி (வேலையை விட்டுப் போகும்போது தருகிற பணிக்கொடை) உண்டு. கடைசியாக வாங்கிய பேசிக், டி.ஏ.வை 26-ஆல் வகுத்து 15-ஆல் பெருக்கினால் ஒரு வருடத்துக்கு உரியது. உங்கள் 13,000-க்கு 7,500, ஐந்து வருடத்துக்கு 37,500. இப்போதே கிளம்பினால் அது கைவிட்டுப் போகும். நாலு வருடம் 240 நாள் போதும் என்று சென்னை உயர் நீதிமன்றத்தில் தீர்ப்பு இருக்கிறது, ஆனாலும் ஓனரோடு வழக்குப் பேசி வாங்குவதை விட ஐந்து மாதம் இருந்து வாங்குவது சுலபம்.

இன்னொன்றை யாருமே கவனிப்பதில்லை. 21,000-க்கு மேல் சம்பளத்தில் புது இடத்தில் சேர்ந்தால் அங்கே இ.எஸ்.ஐ. கிடையாது. ஆனால் அந்த வரம்பைப் பார்க்கும்போது ஓ.டி. பணத்தைச் சேர்க்க மாட்டார்கள். சட்டப்படி ஓ.டி.க்கு இரட்டைச் சம்பளம் தர வேண்டும். உங்கள் ஐம்பது மணி நேரத்துக்கு இப்போது வருவது சுமார் 4,800, இரட்டையாக வந்தால் 9,600. மொத்தம் 29,600 ஆகிவிடும், இ.எஸ்.ஐ.யும் போகாது. அந்த 27,000-ஐ விட இது மேல் இல்லையா? இருக்கிற இடத்தில் கேட்க வேண்டியதே இதைத்தான், "சம்பளம் ஏற்றிக் கொடுங்க" என்று மொட்டையாகக் கேட்டால் ஐந்நூறு ரூபாயோடு முடித்துவிடுவார்கள்.

குறிச்சி செல்வன்:
இ.எஸ்.ஐ. பற்றி அக்கா சொன்னதை அலட்சியமாக விடாதீங்க. எனக்கு மெஷினில் வருகிற உலோகச் சீவல் (சிப்) வெட்டிக் கை நரம்பு அறுந்து இரண்டு மாதம் வீட்டில் இருந்தேன். சிங்காநல்லூர் இ.எஸ்.ஐ. ஆஸ்பத்திரியில்தான் வைத்தியம். வேலையில் பட்ட காயம் என்பதால் சம்பளத்தில் 90 சதவீதம் வந்தது, வீட்டில் அடுப்பு எரிந்தது அதனால்தான். பி.எஃப். இல்லாத இடத்தில் நாளைக்கு ஏதாவது ஆனால் நீங்கள் அங்கே வேலை செய்ததற்கே ஆதாரம் இருக்காது.

ஆனால் ஓனர் அட்வான்ஸ் கொடுத்தார் என்பதற்காக வாயை மூடிக்கொண்டு இருக்காதீங்க. அது கடன், மாசாமாசம் கழித்துக்கொண்டுதானே இருக்கிறார். அவர் செய்த உதவிக்கு நன்றி மனதில் இருக்கட்டும், ராத்திரி தனியாக இரண்டு மெஷின் ஓட்டுவது அந்த நன்றிக்கு ஈடு ஆகாது. சனிக்கிழமை சம்பளம் வாங்குகிற நேரத்தில் நாலு பேர் நடுவில் கேட்காமல், அவர் தனியாக இருக்கும்போது உட்கார்ந்து பேசுங்க. செட்டிங் தெரிந்த ஆளைத் தேடிப் பிடித்துப் பழக்க எத்தனை மாதம் ஆகும் என்று அவருக்கே தெரியும்.

கோவில்பாளையத்துக்காரன்:
எல்லாருக்கும் ரொம்ப நன்றிங்க. மலுமிச்சம்பட்டிக்குப் போன் பண்ணிக் கேட்டேன், பன்னிரண்டு மணி நேரம்தானாம், ஓ.டி. என்று தனியாக எதுவும் இல்லையாம். அண்ணன் கேட்காவிட்டால் நான் அப்படியே போயிருப்பேன்.

நேற்று ஓனரிடம் பேசினேன். வேறு இடத்தில் கூப்பிட்டார்கள் என்பதை மறைக்காமலே சொன்னேன். ராத்திரிக்கு ஒரு ஹெல்பர் போடுகிறேன், மாதத்தில் இரண்டு ஞாயிறு கூப்பிட மாட்டேன் என்றார். ஓ.டி. விஷயத்துக்கு மட்டும் ஆடிட்டரைக் கேட்டு தீபாவளிக்கு அப்புறம் பார்க்கலாம் என்கிறார். இதை நம்பலாமா?

தறிக்காரர் மகள், சோமனூர்:
இரண்டு ஞாயிறும் ஹெல்பரும் இந்த மாதமே நடக்கிறதா என்று பாருங்க, அதிலேயே அவர் மனது தெரிந்துவிடும். தீபாவளி வரைக்கும் செய்கிற ஓ.டி.யைத் தேதி, மணியோடு ஒரு நோட்டில் எழுதி வையுங்க, ஓ.டி. பணத்தையும் சம்பளச் சீட்டில் காட்டச் சொல்லுங்க. எப்படியும் ஐந்து வருடம் முடியும் வரை நீங்கள் அங்கேதான் இருக்கப் போகிறீர்கள், அதற்குள் ஓ.டி.க்கு ஒரு பதில் வராவிட்டால் பி.எஃப். பிடிக்கிற வேறு கம்பெனியாகப் பார்த்துத் தேடுங்க. சத்தி ரோட்டுப் பக்கமே கிடைத்தால் இன்னும் நல்லது.